பேஸ் ட்ரம் அடிக்கிற பிள்ளைக்கு எத்தனை புள்ளி?



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் தரம் 9இலும் 10இலும் பிள்ளை வைத்திருக்கிற உம்மா வாப்பாமார் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

போன மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. தரம் 10க்கு வந்தவுடன் பிள்ளைகளை நம் இளைஞர் பேண்ட் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை பின்னேரம் டியூஷனுக்கு விட வேண்டும், மிச்சத்தை ஓ.எல். முடிந்து பார்க்கலாம் என்பதுதான் அது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொன்னார். நிறையப் பேர் கை தூக்கினார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எனக்கு அது போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு முன் என்னைப் பொறுப்பாசிரியையாகப் போட்டதற்கு ஒரே காரணம், பெண் பிள்ளைகளும் பயிற்சிக்கு வருவதால் ஒரு டீச்சர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான். மைதானத்து ஓரத்தில் வாகை மர நிழலில் கதிரை போட்டு, தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டு இருப்பேன். சொல்லிக்கொடுப்பவர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் அவரை 'பேண்ட் ஸேர்' என்பார்கள்.

குழுவில் இப்போது 31 பேர். மெலோடிக்கா 14, சைட் ட்ரம் 6, ட்ரம்பெட் 5, சிம்பல் 2 சோடி, சைலபோன் 2, பேஸ் ட்ரம் 1, முன்னால் கோல் பிடித்து நடக்கிற லீடர் ஒருவர். தரம் 7 படிக்கிற பிள்ளையிலிருந்து ஏ.எல். முடித்து ஓட்டோ ஓட்டுகிற தம்பி வரைக்கும் இருக்கிறார்கள். வயலினும் செலோவும் வைத்து மேடையில் இருந்து வாசிக்கிற ஓர்கெஸ்ட்ரா அல்ல இது. ஆனால் 31 பேர் ஒன்றாக ஒரு சத்தம் எழுப்ப வேண்டும் என்ற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஐந்து வருடம் ஓரத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு விளங்கிய ஒரு விசயத்தைத்தான் சொல்ல வருகிறேன். நம் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பது புள்ளிதான். 85 எடுத்தவர் முன்னுக்கு, 25 எடுத்தவர் பின்னுக்கு. 25 எடுத்த பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் வகுப்பு நிற்காது. நான் உட்பட யாரும் பாடத்தை நிறுத்தி வைக்கப் போவதில்லை. பேண்டில் அப்படி இல்லை. அங்கே வராத பிள்ளையின் இடம் எல்லோருடைய காதிலும் கேட்கும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவனுடைய உம்மா சவூதியில். மூத்தம்மாவோடு வளர்கிறான். தரம் 8இல் என் வகுப்பில் இருந்தான். அரையும் காலும் கூட்டினால் எத்தனை என்று கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனை பேண்ட் ஸேர் பேஸ் ட்ரம்முக்கு எடுத்தார். உடம்பு பெரிய பிள்ளை, ட்ரம்மைச் சுமப்பான் என்பதுதான் காரணம்.

பேஸ் ட்ரம் லேசான வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறோம். டும் டும் என்று அடித்தால் முடிந்தது என்று. உண்மை வேறு. அணிநடையில் பேஸ் ட்ரம்தான் இடது காலுக்கு அடையாளம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி வேகத்தில் நடக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு அடிக்கு அரை வினாடி. அவன் கொஞ்சம் அவசரப்பட்டால் 30 பேரும் ஓட வேண்டி வரும். அவன் தயங்கினால் முன்வரிசையின் கால் குழம்பும். மெலோடிக்கா வாசிக்கிற 14 பேரில் ஒருவர் பிழை விட்டால் வெளியே தெரியாது. அவன் விட்டால் மைதானம் முழுக்கத் தெரியும்.

அதைவிடக் கஷ்டம், அடிக்காமல் இருப்பது. சில இடங்களில் எட்டு எண்ணிக்கைக்கு பேஸ் ட்ரம் மௌனம். அந்த எட்டையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு, சரியாக ஒன்பதாவதில் வர வேண்டும். முழுச் சுரத்துக்கு நான்கு எண்ணிக்கை, அரைக்கு இரண்டு, காலுக்கு ஒன்று. என் வகுப்பில் பின்னம் தெரியாத பிள்ளை இதை மூன்று மாதத்தில் பிடித்தான். ஒரு நாள் தரம் 7 பிள்ளை ஒன்றுக்கு மண்ணில் குச்சியால் கோடு கீறி அவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "இங்க பாரு, இதுல ரெண்டு பாதி. ஒரு பாதியில அடி, மத்தப் பாதியில சும்மா இரி. சும்மா இரிக்கிறதும் எண்ணிக்கைதான்." நான் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு அவன் கணிதத்தில் 90 எடுத்தான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. 18 எடுத்தவன் 31 எடுத்தான். அது பேண்டால்தான் என்றும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். பேண்டுக்கு விட்டால் புள்ளி கூடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க வரவில்லை. ஆனால் பாடசாலைக்கு வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருந்த பிள்ளை, சனிக்கிழமை மூன்றரைக்கே வந்து ஸ்டோர் ரூம் வாசலில் நிற்கிறான். ஏனென்று ஒரு தடவை கேட்டேன். "நான் வராட்டி இவங்க நடக்கேலாதே டீச்சர்" என்றான். நான் இல்லாவிட்டால் மற்றவர்களால் முடியாது என்று அந்தப் பிள்ளை சொல்லக்கூடிய இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், கணித டீச்சர் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். மைதானத்தில் 34 மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு ட்ரம் சத்தம் போய்ச்சேர பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். ஒரு அடிக்கு இருப்பதே அரை வினாடி. அப்படியென்றால் ஒரு அடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தித்தான் அவருக்குக் கேட்கும். கேட்டதை நம்பி மட்டும் வாசித்தால் பின்னால் போய்விடுவார். அதனால் பிள்ளைகள் காதையும் பாவிக்க வேண்டும், லீடருடைய கோலையும் பார்க்க வேண்டும், பக்கத்துப் பிள்ளையின் காலையும் கவனிக்க வேண்டும். தன் சத்தத்தை மட்டும் கேட்கிற பிள்ளை எவ்வளவு திறமையாக வாசித்தாலும் குழுவில் நிற்க முடியாது. நன்றாக வாசிக்கிற ஒரு ட்ரம்பெட் பிள்ளையை பேண்ட் ஸேர் இரண்டு கிழமை வாசிக்க விடாமல் வெறுமனே நடக்க வைத்தார். தண்டனை அல்ல அது. "மத்தவங்கள் என்ன செய்யிறாங்கள் எண்டு கேளும்" என்றார். அவ்வளவுதான்.

இனி மார்க்கம் பற்றிய கேள்வி. கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மனதில் இருக்கிறது என்று தெரியும். இசை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைக்க நான் ஆளில்லை. ஒவ்வொரு வீட்டின் பேணுதலையும் மதிக்கிறோம். ஒரு வாப்பா, "என்ட மகள் ஊதுறது, கட்டை அமத்துறது ஒண்டும் வேணாம் டீச்சர், ட்ரம் மட்டும் எண்டா சரி" என்றார். பெருநாளில் சிறுமிகள் தஃப் அடித்த ஹதீஸையும் அவரே எடுத்துச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு சைட் ட்ரம் கொடுத்தோம். இன்று ட்ரம் வரிசையில் மற்றவர்களை வழிநடத்துவது அந்தப் பிள்ளைதான். பாட்டுத் தெரிவிலும் கவனமாக இருக்கிறோம். தொழுகை நேரத்தில் பயிற்சி இல்லை. அஸர் தொழுதுவிட்டு 4 மணிக்குத் தொடங்கி 5.45க்கு முடிக்கிறோம். மஃரிபுக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும்.

'இது வெள்ளைக்காரன்ட சாமான்' என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. உஸ்மானியப் பேரரசின் ஜானிஸரிப் படைக்கு 'மெஹ்தர்' என்று ஒரு வாத்தியக் குழு இருந்தது. பெரிய ட்ரம், சிம்பல், நக்காரா, ஸுர்னா எல்லாம் அதில் இருந்தன. அதைக் கேட்டுத்தான் ஐரோப்பியப் படைகள் 18ஆம் நூற்றாண்டில் பேஸ் ட்ரம்மையும் சிம்பலையும் தங்கள் வாத்தியக் குழுக்களில் சேர்த்துக்கொண்டன. மொஸார்ட், பேத்தோவன் போன்றவர்கள் அந்தத் துருக்கிப் பாணியில் இசை எழுதினார்கள். இன்றைக்கும் சிம்பலுக்குப் பெயர் போன ஸில்ஜியான் கம்பனி, 1623இல் இஸ்தான்பூலில் ஓர் ஆர்மீனியர் தொடங்கியது. நக்காரா என்ற சொல்தான் பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தை அறிவிக்க அடித்த நகராவிலும் இருக்கிறது. நம் ஸ்டோர் ரூமில் இருக்கிற அந்த பேஸ் ட்ரம் முஸ்லிம் ஊர்களுக்கு அந்நியமான சாமான் அல்ல.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் கரையோரத்தில் கல்யாணம், பெருநாள் என்றால் றபான் அடித்ததும் பொல்லடிக் குழு வந்ததும் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்காலத்தில் றபான் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடாக்கித்தான் அடிப்பார்கள். பொல்லடியில் அண்ணாவியார் தாளத்தை மாற்றினால் வட்டத்தில் நிற்கிற அத்தனை பேரும் மாற வேண்டும். ஒருவர் பிசகினால் பக்கத்து ஆளின் பொல்லு அவருடைய விரலில் விழும். நம் வாப்பாமாரும் மூத்த வாப்பாமாரும் ஒன்றாக எண்ணப் பழகியது அந்த வட்டத்தில்தான். இப்போது ஊரில் எத்தனை பொல்லடிக் குழு மிச்சம் இருக்கிறது? அதை நிறுத்துவோம் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. 'இந்த வருசம் நேரமில்ல, வாற வருசம் பார்ப்பம்' என்றே போய்விட்டது.

போன வருடம் சுதந்திர தின நிகழ்வில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் ஊரையும் பக்கத்துத் தமிழ் ஊரையும் ஒரு ரோட்டுத்தான் பிரிக்கிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடையில் பேசுவோம். ஆனால் 2019க்குப் பிறகு பிள்ளைகள் அந்த ரோட்டைக் கடப்பது குறைந்து போனது எல்லோருக்கும் தெரியும். அன்று அவர்களுடைய பாடசாலை பேண்டில் பேஸ் ட்ரம் அடிக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். அவர்களுடைய மாஸ்டர் நம் பக்கம் வந்து, ஒரு ஆளைத் தருவீர்களா என்று கேட்டார். நம் பிள்ளை என்னைப் பார்த்தான். "எங்கட யூனிஃபோமோட போகலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான். போனான். அவர்களோடு ஒரு தடவைகூடப் பழகாதவன். முதல் 20 அடியும் கொஞ்சம் தடுமாற்றம். பிறகு அவர்களுடைய பிள்ளைகளின் இடது கால் அத்தனையும் இவனுடைய அடியில் விழுந்தது. மைதானத்தைச் சுற்றி வந்து, ட்ரம்மைக் கழற்றாமல் அப்படியே நம் வரிசைக்கு வந்து இரண்டாம் சுற்றும் நடந்தான். அவர்களுடைய ட்ரொம்போன் பிள்ளை இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் மைதானத்துக்கு வருகிறான். நம்மிடம் ட்ரொம்போன் இல்லை. நல்லிணக்கம் என்று பெனர் கட்டி யாரும் இதைச் செய்யவில்லை. ஒரு இடம் காலியாக இருந்தது, அதை நிரப்ப ஒரு பிள்ளை இருந்தான்.

இப்படியான குழுக்கள் பெரிதாக வளர்ந்த நாடுகளும் உண்டு. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற பொருளியலாளர் சில இளைஞர்களைச் சேர்த்து இளைஞர் ஓர்கெஸ்ட்ரா தொடங்கினார். வாத்தியம் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் இலவசமாகச் சேர்த்தார். 'எல் சிஸ்தேமா' என்று அது நாடு முழுக்கப் பரவி, லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் அங்கிருந்து வந்தவர்தான். அந்த நாட்டின் மற்றக் கஷ்டங்களை அது தீர்த்துவிடவில்லை. நம் 31 பேரில் இருந்தும் ஒரு துதாமெல் வருவார் என்று நான் சொல்லவில்லை. அங்கே தனியாகத் திறமைசாலியைத் தேடவில்லை, முதல் நாளே பிள்ளையைக் குழுவுக்குள் போட்டார்கள் என்ற ஒன்றைத்தான் காட்ட விரும்புகிறேன்.

இப்போது தரம் 10 விசயத்துக்கு வருகிறேன். மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று. ஒரு பிள்ளை சரியாக வாசிக்கப் பழக ஏறக்குறைய மூன்று வருடம் பிடிக்கிறது. தரம் 7இல் சேர்ந்த பிள்ளை தரம் 10இல்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் எடுத்துவிட்டால் குழுவில் எப்போதும் புதிய பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சும். பேண்ட் ஸேருக்கு வயது போகிறது. அவருக்குப் பிறகு சொல்லிக்கொடுக்க நம் ஊரில் ஆள் வேண்டுமென்றால் அது இந்தப் பிள்ளைகள்தான்.

இரண்டு. பெண் பிள்ளைகள். 'ஓ.எல். முடிந்து பார்க்கலாம்' என்ற வார்த்தை ஆண் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பெண் பிள்ளைக்கு வேறு மாதிரி. இந்த ஐந்து வருடத்தில் தரம் 10இல் நிறுத்தப்பட்ட ஆண் பிள்ளைகள் நான்கு பேர் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பி வந்தார்கள். நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ட்ரம் வரிசையை வழிநடத்துகிற பிள்ளை என்று சொன்னேனே, வருகிற வருடம் அவருக்குத் தரம் 10.

மூன்று. நேரக் கணக்கு. ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். பயிற்சி ஒன்றே முக்கால் மணித்தியாலம். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று. மிச்சம் 99ஐயும் நாம்தான் வைத்திருக்கிறோம். அந்த 99இல் ஃபோன் எவ்வளவு எடுக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் இந்த ஒன்றைத்தான் வெட்ட வேண்டும் என்று தோன்றினால், கூட்டத்தில் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களுக்கு அது தேவைதான் என்று எனக்கே தெரியும். அதனால் ஒரு மாற்று யோசனை வைக்கிறேன். ஓ.எல். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் முழு விடுமுறை கொடுப்போம். அந்தப் பிள்ளையின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்போம். பரீட்சை முடிந்த கிழமையே, ஆணோ பெண்ணோ, வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவோம். சனிக்கிழமை வகுப்பு வைத்திருக்கிற டியூஷன் ஸேர்மார் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களோடு பேசி 4 மணி வகுப்பை 2 மணிக்கு மாற்றலாமா என்று கேட்போம். நானே போய்ப் பேசத் தயார்.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ரம்பெட் ஐந்தில் இரண்டுக்கு வால்வு இறுகிப் போயிருக்கிறது. கடல் காற்று எதையும் விட்டு வைப்பதில்லை. யாரும் அன்போடு தேங்காய் எண்ணெய் போட்டு விடாதீர்கள், அது தடித்து இன்னும் இறுக்கிவிடும். அதற்கென்று வால்வு எண்ணெய் இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரண்டு போத்தல் வாங்கி வந்தால் பெரிய உதவி. மெலோடிக்கா வாய்க்குழாயும் பத்து வேண்டும். ஒருவர் ஊதியதை மற்றவருக்குக் கொடுக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சனிக்கிழமையாவது 4 மணிக்கு மைதானத்துப் பக்கம் வந்து பாருங்கள். உங்கள் பிள்ளை வாசிப்பதை மட்டும் பார்க்காதீர்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது உங்கள் பிள்ளை எப்படி எண்ணிக்கொண்டு காத்திருக்கிறது என்று பாருங்கள். கதிரை போட்டு வைக்கிறேன்.

கருத்துகளை மரியாதையாக எழுதுங்கள். பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். உடன்படாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறேன்.

வஸ்ஸலாம்.